கேள்வி–பதில்: பூட்டனைத் தேடும் வழி

முன்னோரைப் பற்றிக் கேட்டு வரும் கடிதங்கள் சில மாதங்களாகவே சேர்ந்துகொண்டிருப்பதால், இந்த இதழின் பகுதியை அவற்றுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட முன்னோர்களின் பெயர்களையும் விட்டுவிட்டு, ஊரை மட்டும் தந்துள்ளோம்.

கேள்வி: எங்கள் அப்பாருவின் (அப்பாவின் தந்தையின்) பாட்டனார் தாது வருடப் பஞ்சத்தின்போது கொடுமுடிப் பக்கமிருந்து காங்கேயம் பக்கம் வந்து குடியேறினார் என்று வீட்டில் சொல்வார்கள். 1893ஆம் ஆண்டு அவர் எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரம் ஒன்றைத் தவிர எங்களிடம் வேறு ஆதாரம் இல்லை. அவர் பிறந்த ஊர், ஆண்டு, உடன்பிறந்தவர்கள் ஆகிய விவரங்களை அறிய வழியுண்டா? (காங்கேயம்)

பதில்: அடமானப் பத்திரம் ஒன்று கையில் இருப்பதே பெரிய முதல். பத்திரம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதில் தம் முன்னோர் பெயரைக் கண்டதும் மகிழ்ந்து, மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். தேடுகிறவருக்கு வேண்டியவை அதே தாளில் இருக்கும் மற்றப் பெயர்கள்.

முதல் வரிகளைப் பாருங்கள். 'இன்ன தாலூகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னான் குமாரன் இன்னான்' என்று இருக்கும். அங்கேயே ஒரு தலைமுறை மேலே போய்விட்டீர்கள். அக்காலப் பத்திரங்களில் 'கவுண்டன்' என்று எழுதியிருப்பதை மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். எழுத்து வழக்கு அப்படி இருந்தது. பழைய அட்டவணைகளில் தேடும்போதும் அந்த வடிவத்திலேயே தேடுங்கள். அடுத்து, கடன் வாங்கிய காரணம் வரும். 'என் தகப்பனார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தின் பாக்கி வகைக்கு' என்பதுபோல் ஒரு வரி இருந்தால், அதற்கு முந்தைய பத்திரம் ஒன்று உண்டு என்று பொருள். பிறகு செக்குபந்தி. 'வடக்கு இன்னான் காட்டுக்கும், கிழக்கு இட்டேரிக்கும், தெற்கு என் பாகத்து நிலத்துக்கும், மேற்கு இன்னான் தோட்டத்துக்கும் மத்தியில்' என்று எழுதியிருக்கும் நான்கு எல்லைகளில்தான் அண்ணன் தம்பிகள் ஒளிந்திருக்கிறார்கள். பாகம் பிரித்த நிலத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் பெரும்பாலும் பங்காளியாகவே இருப்பார். சாட்சிக் கையெழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள். மாமனோ மச்சினனோ ஒருவராவது அங்கே இருப்பது வழக்கம்.

கடைசியாகப் பத்திரத்தின் பின்பக்கத்தில், எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில், 1 புத்தகம், எத்தனையாவது வால்யூம், எந்தப் பக்கங்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நம்பர் என்ற குறிப்பு இருக்கும். நம் மாகாணத்தில் பதிவுத் துறை 1864இல் ஏற்பட்டது. பதிவான ஒவ்வொரு பத்திரத்தின் நகலும் புத்தகத்தில் எழுதப்பட்டு, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களுக்கு ஓர் அட்டவணையும், சொத்து இருக்கும் ஊருக்கு மற்றோர் அட்டவணையும் தயாரிக்கப்பட்டன. இணையத்தில் வில்லங்கம் பார்ப்பது இவ்வளவு பின்னுக்குப் போகாது. அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடுதல் கட்டணம் செலுத்தித்தான் பார்க்க வேண்டும். ஆளின் பெயரைக் கொண்டு தேடுவதோடு நிற்காமல், ஊர் அட்டவணையில் அந்த நிலத்தையும் தேடச் சொல்லுங்கள்.

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடுவது நம் பக்கத்து வழக்கம். ராமசாமி மகன் பழனிசாமி, பழனிசாமி மகன் ராமசாமி என்று இரண்டே பெயர்கள் நூறாண்டுக்கும் மேலாக மாறி மாறி வரும். அண்ணன் தம்பி நால்வரும் ஆளுக்கொரு மகனுக்குத் தங்கள் தந்தையின் பெயரை வைத்திருந்தால், ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், நான்கு ராமசாமிகள் இருப்பார்கள். ஊரார் அவர்களை 'மேற்காலத் தோட்டத்தார்', 'களத்துக்காட்டார்', 'மணியகாரர் வீடு' என்று வீட்டுப் பெயரால் பிரித்து அறிந்தார்கள். சர்க்கார் கணக்கு நிலத்தின் எண்ணால் பிரித்தது. பத்திரத்தில் 'க.ச. நெம்பர்' என்றிருப்பது பழைய எண், 'ரீ.ச.' என்றிருப்பது மறு அளவைக்குப் பின் வந்தது. பழைய எண்ணைக் கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்திலும், சென்னை சேப்பாக்கத்திலுள்ள நில அளவை மற்றும் நிலவரித் திட்ட இயக்ககத்திலும் நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலைக் கேட்கலாம். கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் பெயரில் மட்டுமே பட்டா இருந்திருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பட்டாவில் பெயர் இல்லாததனால் ஒருவர் அந்த ஊரில் இல்லை என்று ஆகிவிடாது.

பரம்பரைக் கர்ணம், மணியகாரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபோது கணக்குகள் வட்டாட்சியர் அலுவலகங்களுக்குச் சென்றன. எல்லாமே போய்ச் சேர்ந்தன என்று சொல்வதற்கில்லை. பழைய கர்ணம் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மாவட்ட எல்லைகளும் தேடுகிறவரை அலைக்கழிக்கும். காங்கேயம் வெகுகாலம் கோயம்புத்தூர் ஜில்லாவின் தாராபுரம் தாலூகாவில் இருந்தது. இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. கொடுமுடி 1979 முதல் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது. கரூர் 1910இல் கோயம்புத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போனது. பத்திரம் எழுதிய ஆண்டில் அந்த ஊர் எந்தத் தாலூகாவில் இருந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

இனிப் பஞ்சக் கதைக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தின் கொடுமையை மிகைப்படுத்த வேண்டியதில்லை. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 17.6 லட்சமாக இருந்த கோயம்புத்தூர் ஜில்லாவின் மக்கள்தொகை, 1881இல் 16.6 லட்சமாகக் குறைந்திருந்தது. ஆயினும், எந்தக் காரணத்தால் குடும்பம் இடம்பெயர்ந்திருந்தாலும் பின்வந்தவர்கள் அதைப் பஞ்சத்தின் மேல் போட்டுவிடுவதும் உண்டு. கொடுமுடி காவிரிக் கரையில் இருக்கிறது. காளிங்கராயன் வாய்க்காலின் கடைமடையும் அந்தப் பக்கம்தான். கிளுவை வேலியும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமுமாக மழையை நம்பிய காங்கேயத்துக்கு ஆற்றங்கரையை விட்டு ஒருவர் பஞ்ச காலத்தில் வந்தார் என்பது சற்று யோசிக்க வேண்டிய செய்தி. பஞ்சத்துக்குப் பின் ஆளற்றுப் போன நிலத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்; மாமனார் வீட்டோடு வந்து தங்கியிருக்கலாம். காங்கேயத்து நிலம் அவர் பெயருக்கு எந்த ஆண்டில் வந்தது என்பது தெரிந்துவிட்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

பிறந்த ஆண்டுக்கு நேரடி ஆவணத்தை எதிர்பார்க்காதீர்கள். சென்னை மாகாணத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1899இல்தான் வந்தது. சாதக ஓலை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், அவர் எந்த வழக்கிலாவது சாட்சி சொல்லியிருந்தால் வாக்குமூலத்தின் தலைப்பில் வயது இருக்கும். அதையும் ஐந்தாண்டு முன்பின்னாகவே கொள்ள வேண்டும்.

கேள்வி: 1871 முதல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்திருக்கிறார்களே, அதில் என் முன்னோர் பெயரைப் பார்க்க முடியாதா? (உடுமலைப்பேட்டை)

பதில்: முடியாது. வீடுவீடாக எழுதிய தாள்களைப் பாதுகாக்கவில்லை; கூட்டித் தொகுத்த எண்ணிக்கைகள் மட்டுமே அச்சாயின. உங்கள் ஊரில் எத்தனை வீடுகள் இருந்தன என்று அறியலாம்; யார் வீடு என்று அறிய இயலாது.

கேள்வி: வீட்டில் உள்ள ஓலை ஒன்றில் 'பிரமாதி வருஷம் தை மாதம்' என்று மட்டும் காலம் குறித்திருக்கிறது. இது எந்த ஆண்டு? (சென்னிமலை)

பதில்: அறுபதாண்டுச் சுழற்சி என்பதால் 19ஆம் நூற்றாண்டில் பிரமாதி இரண்டு முறை வருகிறது: 1819 சித்திரையில் தொடங்கியது ஒன்று, 1879 சித்திரையில் தொடங்கியது மற்றொன்று. தை மாதம் ஆங்கில ஆண்டு மாறிய பிறகு வருவதால், உங்கள் ஓலையின் காலம் 1820 அல்லது 1880 ஆகும். இந்த ஓராண்டு வேறுபாட்டைக் கவனிக்காமல் 1819 என்று குறித்துவிடுகிறவர்கள் ஏராளம்.

இரண்டில் எது என்று முடிவுசெய்ய, ஓலையில் வேறு எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாலிவாகன சகாப்தத்தோடு 78ஐக் கூட்டியும், கலியுக ஆண்டிலிருந்து 3101ஐக் கழித்தும் ஆங்கில ஆண்டை அறியலாம். சகாப்தம் 1741 அல்லது கலி 4920 என்றிருந்தால் அது முந்தைய பிரமாதி. 1801 அல்லது 4980 என்றிருந்தால் பிந்தையது. எண்கள் தமிழில்தான் இருக்கும்: ௲௭௱௪௰௧ என்பது 1741. ௲, ௱, ௰ ஆகிய மூன்றும் முறையே ஆயிரம், நூறு, பத்து என்று தெரிந்துகொண்டால் படிப்பது எளிது.

எண்ணே இல்லாவிட்டால் நாணயத்தைப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் 1818இல் வெள்ளி ரூபாயே அடிப்படை நாணயம் ஆயிற்று. வராகன் கணக்கு உடனே மறைந்துவிடவில்லை. எனவே கடன் தொகை வராகன், பணம் என்ற பழைய நாணயங்களில் இருந்தால் முந்தைய பிரமாதியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. 1880இல் முத்திரைத் தாளும் பதிவும் வழக்கத்துக்கு வந்துவிட்டன. நிலம் கைமாறிய செய்தியை அப்போது ஓலையில் மட்டும் எழுதி விட்டிருந்தால் அது வியப்புக்குரியதே. மொய்க் கணக்கும் வீட்டுச் செலவுக் கணக்கும் என்றால் ஓலையில் இருந்திருக்கலாம். கலியாண மொய் எழுதிய ஏடாக அது இருந்தால் பொக்கிஷம் போல் வைத்துக்கொள்ளுங்கள். உறவுமுறையார் எந்தெந்த ஊர்களில் இருந்தார்கள் என்பதை அதைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லாது.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் மகனிடம் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். கவுண்டர் என்பதா, கூட்டப் பெயரா, எது எங்கள் குடும்பப் பெயர்? கூட்டப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் முன்னோரை அடையலாமா? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: குடும்பப் பெயர் என்று வெளிநாட்டார் கேட்கும் பொருளில் நம் முன்னோரிடம் எதுவும் இருந்ததில்லை. இருந்தவை மூன்று வேறு வகையான பெயர்கள். அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் தேடல் திசைமாறுகிறது.

கவுண்டர் என்பது பட்டம். கொங்கு வேளாளர் மட்டுமல்லாமல் வேட்டுவர், ஊராளியர், குரும்பர், அனுப்பர், சேலம் பக்கத்து வன்னியர் எனப் பலரும் அதை வழங்கிவருகிறார்கள். ஆகவே அதை வைத்து ஒருவரின் வழியைச் சொல்ல முடியாது. பதவியாலும் சிறப்பாலும் வந்த பெயர்கள் இரண்டாம் வகை: பட்டக்காரர், மன்றாடியார், மணியகாரர், கொத்துக்காரர் போன்றவை. இவை சில குடும்பங்களில் பெயரோடு ஒட்டிக்கொண்டன. பதவி போன பிறகும் நிலைத்தன. ஒரு குடும்பம் எப்போது இப்பெயரைப் பெற்றது என்பதைப் பத்திரங்களின் வரிசையிலேயே கண்டுவிடலாம்.

மூன்றாவது கூட்டப் பெயர். ஆந்தை, காடை, செம்பன், பயிரன், கண்ணன், தூரன், சாத்தந்தை என்று நீளும் இப்பெயர்கள் மெய்யாகவே பழையவை. 13ஆம் நூற்றாண்டுக் கொங்குக் கல்வெட்டுகளில் 'வெள்ளாளன் சாத்தந்தைகளில்' இன்னார் என்பது போன்ற தொடர்கள் வருகின்றன. காளிங்கராயன் வாய்க்காலை வெட்டியவரும் அந்தக் கூட்டத்தவரே. ஆனால் கூட்டப் பெயரின் வேலை வேறு. பெண் கொடுக்கவும் எடுக்கவும் யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்று பிரித்துக் காட்டுவதே அதன் பயன். கூட்டத்துக்குப் பரம்பரை உரிமையுள்ள காணி ஊரும் காணிக் கோயிலும் அதனோடு சேர்ந்து வரும். 19ஆம் நூற்றாண்டின் நிலப் பத்திரங்களில் கூட்டப் பெயர் அரிதாகவே எழுதப்பட்டது, ஏனெனில் கடன் கொடுப்பவருக்கு அது தேவைப்படவில்லை. கல்வெட்டில் உள்ள சாத்தந்தையாருக்கும் உங்கள் பூட்டனாருக்கும் இடையில் அறுநூறு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியை ஒவ்வொரு பெயராக நிரப்ப, சாதாரணக் குடியானவர் எவருக்கும் ஆவணம் இல்லை. நிரப்பித் தருகிறேன் என்று யாராவது அச்சிட்ட வம்சாவளியோடு வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரம் கேளுங்கள்.

காணிப் பட்டயங்களையும் அப்படித்தான் அணுக வேண்டும். சேர, சோழ, பாண்டியரின் பெயரோடு தொடங்கும் பட்டயங்களில் பல, பிற்காலத்தில் பெயர்த்தெழுதப்பட்டவை. கோயில் முதன்மை யாருக்கு, காணியுரிமை எவருக்கு என்ற வழக்குகளின்போது அவை எடுத்துக்காட்டப்பட்டன. பெயர்த்தெழுதிய காலத்தில் யார் எதற்கு உரிமை கோரினார்கள் என்பதற்கு அவை நல்ல சான்று. அவை சொல்லும் பழங்காலத்துக்கு அதே அளவில் சான்றாகா.

காணி ஊரைப் பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தடுமாற்றம். ஒரு கூட்டத்துக்குப் பல காணி ஊர்கள் உண்டு. காணியை விட்டுப் பல தலைமுறைகளுக்கு முன்பே வந்தவர்களும் குலதெய்வத்துக்கு அங்கேதான் போகிறார்கள். குடும்பம் நகர்ந்த தடம் இடைப்பட்ட வலசுகளிலும் புதூர்களிலும் கிடக்கிறது. கலியாணத்தில் சடங்குகளை நடத்தும் அருமைக்காரராக இருந்த முதியவர்களையும், குலகுரு மடத்தில் சீடர் குடும்பங்களின் கணக்கு வைத்திருப்பவர்களையும் கேட்டால் அந்த ஊர்கள் தெரியவரும்.

மகனின் கேள்விக்கு விடை: எதை வைத்துக்கொள்வது என்பது அவர் விருப்பம். மொடக்குறிச்சிப் பக்கத்தில் பிறந்து தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த பெரியசாமித் தூரன் தம் கூட்டப் பெயரையே உலகறியச் செய்தார். கடவுச்சீட்டில் எதை எழுதினாலும், தந்தை பெயர் முழுமையாக எங்காவது பதிவாகியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் தேடப்போகும் உங்கள் கொள்ளுப்பேரனுக்கு உதவுவது அதுதான்.

கேள்வி: ஆண்கள் பெயர்களை ஏழு தலைமுறைக்குச் சொல்கிறார்கள், என் அமுச்சியின் (அம்மாவின் தாயின்) தாயார் பெயர்கூட ஒருவருக்கும் தெரியவில்லை. பெண்களைத் தேட முடியுமா? (பொள்ளாச்சி)

பதில்: முடியும், நீதிமன்றக் கட்டுகளில் தேடுங்கள். 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன், பாகம் பிரியாத குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்கு ஜீவனாம்சம் மட்டுமே உரிமை. பாகம் பிரிந்து வாழ்ந்த கணவன் பிள்ளையில்லாமல் இறந்தால், அவள் ஆயுள் உள்ளவரை சொத்தை அனுபவிக்கலாம். அவள் நிலத்தை விற்றால், அந்த விற்பனை செல்லாது என்று கணவனின் பங்காளிகள் வழக்குப் போடுவார்கள். தங்களுக்குப் பின்னுரிமை உண்டு என்று காட்ட, மூலபுருஷனிலிருந்து எல்லாக் கிளைகளையும் வரைந்த வம்சாவளியை வாதிகள் பிராதோடு கொடுத்தாக வேண்டும். ஆக, ஆண்களின் வம்சாவளிகளில் பல, ஒரு விதவையின் சொத்தைப் பற்றிய சச்சரவால்தான் எழுத்தில் வந்தன. அவளுடைய பெயரும், பல நேரங்களில் அவள் பிறந்த வீடும் அதில் பதிவாயின. முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்பின் நகல் ஏதாவது குடும்பத்தில் இருக்கிறதா என்று பங்காளிகளிடமும் விசாரியுங்கள். உங்கள் அமுச்சி வீட்டாரிடம் இல்லாதது அவர்களை எதிர்த்து வழக்காடியவர்கள் வீட்டில் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் முன்னோர் பண்ணையாட்கள். அவர்களுக்குச் சொந்தமாகக் காணி நிலமும் இருந்ததில்லை. நீங்கள் சொல்லும் பத்திரமும் பட்டாவும் எங்களுக்கு எப்படி உதவும்? (அவிநாசி)

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. நிலத்தைக் கொண்டு ஆட்களைக் கணக்கிட்ட அரசு, நிலமற்றவர்களை எண்ணிக்கையாகவே கண்டது. ஆயினும் சில இடங்களில் பெயரோடு எழுத வேண்டியிருந்தது. தோட்டி, வெட்டியான், தலையாரி போன்ற ஊழியங்களுக்கு விடப்பட்ட மானியங்களை, 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் அடுத்து வந்த ஆண்டுகளில் ஊர்வாரியாக விசாரித்து, அனுபவிப்பவர் பெயரோடு பதிவுசெய்தது. அப்பதிவேடுகளைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். 1892 முதல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படைத்த நிலங்களுக்கு, அதாவது இன்று பஞ்சமி நிலம் என வழங்குபவற்றுக்கு, வருவாய்த் துறைக் கணக்கு உண்டு. குடும்பத்தில் ஒரு கிளையாவது கிறித்தவத்தைத் தழுவியிருந்தால் ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கும். லண்டன் மிஷன் 1830இல் கோயம்புத்தூருக்கு வந்தது, கத்தோலிக்கத் திருச்சபை அதற்கும் வெகுமுன்பே கருமத்தம்பட்டியில் இருந்தது.

பண்ணைக்காரர் வீட்டுக் கணக்கேடுகளையும் சொல்ல வேண்டும். கொடுத்த முன்பணம், அளந்த தானியம், ஆளின் பெயர், அவன் தகப்பன் பெயர் எல்லாம் அங்கே இருக்கும். கடனில் கட்டிவைத்ததன் சாட்சியம் அது என்பதால், கேட்டவுடன் காட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து 'கோவெண்டர்' என்ற குடும்பப் பெயருடைய ஒருவர், தம் முன்னோர் சேலம் ஜில்லாவிலிருந்து போனவர் என்றும், நாங்கள் உறவாக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். எப்படி உறுதிசெய்வது? (இராசிபுரம்)

பதில்: கோவெண்டர் என்பது கவுண்டர் என்ற பட்டம் அங்குள்ள எழுத்தர் கையில் மாறிய வடிவம் என்றே கொள்ளப்படுகிறது. அதை மட்டும் வைத்து உறவு கொண்டாட வேண்டாம். அன்றைய சேலம் ஜில்லா இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும், 1911 வரை திருப்பத்தூரையும் உள்ளடக்கியிருந்தது. அங்கெல்லாம் கவுண்டர் பட்டம் உடையவர்கள் வேறு சமூகத்தவராகவும் இருக்கலாம்.

ஆனால் இவ்விஷயத்தில் கடல் கடந்தவர்களின் சந்ததியார் நம்மைவிட வசதியான நிலையில் இருக்கிறார்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேரும் கப்பல்வாரியாகப் பட்டியலிடப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடலிலுள்ள மச்சம் அல்லது தழும்பு வரை எழுதப்பட்டிருக்கும். ஊரில் பட்டா வைத்திருந்த அண்ணனைப் பற்றித் தெரியாத அளவுக்கு, கப்பலேறிய தம்பியைப் பற்றித் தெரியும்.

எனவே டர்பன்காரரிடம் புகைப்படமோ குலதெய்வப் பெயரோ கேட்பதற்கு முன், தம் முன்னோரின் கப்பல் எண்ணையும் அந்தப் பட்டியல் வரியின் நகலையும் அனுப்பச் சொல்லுங்கள். கிராமத்தின் பெயர் ஆங்கிலத்தில் சிதைந்திருக்கும். அக்காலத் தாலூகாவின் ஊர்ப் பட்டியலோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடிபடும். நாமக்கல் பக்கத்து ஊராக இருந்தால், அந்தத் தாலூகா 1910இல் திருச்சிராப்பள்ளியோடு சேர்க்கப்பட்டுப் பின்னர் சேலத்துக்குத் திரும்பியது என்பதையும் கவனியுங்கள். கிராமமும் தந்தை பெயரும் உங்கள் பத்திரங்களில் உள்ளவற்றோடு ஒத்துவந்தால், அப்போது கூட்டமும் கோயிலும் எதுவென்று கேட்டு எழுதுங்கள்.